இணையத்தில் ஏற்றிய கதை குலைந்து தெரிந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

எழுதி முடித்த கதையை இணையத்தில் ஏற்றிய பிறகு, கைப்பேசியில் திறந்து பார்க்கும்போது அது நாம் எழுதிய வடிவில் இல்லாமல் போவது தமிழில் எழுதுவோர் பெரும்பாலோருக்கும் நேர்ந்திருக்கும். அந்த நேரத்தில் பலரும் செய்வது, ஏற்றிய இடத்திலேயே ஒவ்வொரு வரியாகக் கையால் சரிசெய்யத் தொடங்குவதுதான். அவ்வாறு செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோளாறு எங்கே பிறந்தது என்று தெரியாமல் திருத்தினால், ஒரு பத்தியில் நீக்கிய பிழை அடுத்த பத்தியில் வேறு உருவில் தலைகாட்டும்.

முதலில் மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். அடுத்து, கெட்டுப்போயிருப்பது எழுத்தா, அமைப்பா என்று பிரித்தறியுங்கள். குலைந்த பகுதியிலிருந்து இரண்டு வரிகளை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் எழுத்து நலமாக இருக்கிறது, பத்தி, இடைவெளி, எழுத்துரு ஆகியவற்றில்தான் கோளாறு. அங்கும் தமிழ் தெரியவில்லையென்றால் எழுத்தின் குறியேற்றமே, அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையே, பிசகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பத்தி அமைப்பைத் தொடுவதில் பயனில்லை.

தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தெரிகின்றன

கதை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்பதற்கு இதுவே அடையாளம். அந்த எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தவர் கோப்பில் சேமித்தது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும். எழுத்துரு உடனிருக்கும் கணினியில் அது தமிழ். எழுத்துரு இல்லாத இடத்தில் அது பொருளற்ற ஆங்கிலக் கோவை.

இதற்குத் தீர்வு, குறியேற்ற மாற்றி ஒன்றைக் கொண்டு கதையை ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாற்றுவது. ஆனால் மாற்றியில் எந்தக் குறியேற்றத்திலிருந்து மாற்றவேண்டும் என்று சரியாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினி பெரிதும் புழங்கியது. 1999இல் தமிழக அரசு டாப், டாம் ஆகிய குறியேற்றங்களைத் தரமாக அறிவித்தது. இணையக் குழுக்களில் டிஸ்கி என்ற குறியேற்றம் பரவலாக இருந்தது. 2010இல்தான் ஒருங்குறி தமிழக அரசின் தரமாயிற்று. எனவே கோப்பு எந்தக் காலத்தது, எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்பதே பாதி விடையைத் தந்துவிடும். மீதிப் பாதிக்கு, வேர்டில் கோப்பைத் திறந்து ஒரு வரியைத் தெரிவுசெய்து, மேலே எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும்.

மாற்றி முடித்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. உண்மையான மெய்ப்புப் பார்க்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் தொண்ணூறுகளில் பாமினியில் எழுதி வைத்திருந்த சிறுகதைகளை மாற்றிக்கொடுத்தபோது, முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு வரி வந்தது: "அம்மாஇ அக்காஇ தங்கச்சி எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள்." பாமினியில் 'இ' என்ற எழுத்து ஆங்கிலக் காற்புள்ளி விசையில் அமைந்திருக்கிறது. அவர் காற்புள்ளிகளை மட்டும் வேறோர் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி அடித்திருந்தார். மூலக் கோப்பில் அவை காற்புள்ளியாகவே தெரிந்தன. எழுத்துரு வேறுபாட்டை அறியாத மாற்றி எல்லாவற்றையும் 'இ' ஆக்கிவிட்டது. இந்த 'இ' இன்றும் எத்தனையோ இணையப் பக்கங்களில் திருத்தப்படாமல் கிடப்பதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

திருத்துவதற்குத் தமிழ் இலக்கணமே துணை நிற்கிறது. உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே தனித்து வரும். இடையிலும் கடையிலும் வராது. ஆகவே ஒரு சொல்லின் இறுதியில் 'இ' நின்று அதையடுத்து இடைவெளி வந்தால், அது ஏறத்தாழ உறுதியாகக் காற்புள்ளிதான். 'இ' என்ற எழுத்தையும் ஓர் இடைவெளியையும் சேர்த்துத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். 'அனைத்தையும் மாற்று' என்று கட்டளையிடவேண்டாம் என்பதற்குக் காரணம் அளபெடை. கதைக்குள் பழம்பாடல் வரி ஏதேனும் இருந்தால், 'தழீஇ', 'நசைஇ' போன்ற சொற்களின் இறுதியில் வரும் 'இ' அளபெடைக்கு உரியது. அதைக் காற்புள்ளி ஆக்கினால் பாடல் கெடும்.

இதைப் போன்ற இன்னொரு பிழை ஔகாரத்தில் வரும். ஔகாரக் குறியின் வலப்பக்க உறுப்பு 'ள' என்ற எழுத்தைப் போலவே தோற்றமளிப்பதால், பழைய எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே விசையைப் பயன்படுத்தினார்கள். மாற்றிகளுள் சில, ஒற்றைக்கொம்புக்குப் பின் 'ள' வரும் இடத்தையெல்லாம் ஔகாரம் என்று கொண்டு, 'வெளியீடு' என்பதை 'வௌியீடு' என்றும், 'வெள்ளம்' என்பதை 'வௌ்ளம்' என்றும் ஆக்கிவிடும். வேறு சில அதற்கு நேர்மாறாக, 'மௌனம்' என்பதை 'மெளனம்' என்றும், 'கௌரவம்' என்பதை 'கெளரவம்' என்றும் விட்டுவிடும். இரண்டும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிவதால் படித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். முதல் வகையைத் தேடிப் பிடிப்பது எளிது: ஔகாரக் குறிக்குப் பின் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ தமிழில் வராது, அவ்வாறு வந்த இடமெல்லாம் பிழை. இரண்டாம் வகைக்கு அத்தகைய விதி கிடையாது. மௌனம், கௌரவம், பௌர்ணமி, சௌகரியம், கௌளி, யௌவனம், தௌஹீத் என்று ஔகாரச் சொற்களின் சிறிய பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பிழையான வடிவில் தேடி மாற்றுவதே பாதுகாப்பான வழி. மொத்தமாக மாற்றினால் 'தெளிவு', 'கெளுத்தி' ஆகியவை சிதைந்துவிடும்.

கதைக்குள் ஆங்கிலச் சொற்கள் இருந்திருந்தால் அவையும் மாற்றியின் வழியே போய் உச்சரிக்கவே முடியாத தமிழ்க் கோவையாக வந்திருக்கும். அவற்றை மூலத்துடன் ஒப்பிட்டுக் கையால் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

தலையில் சாய்கோடு இட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் ஆகிய குறிகள் திரும்பத் திரும்ப வருகின்றன

இது முற்றிலும் வேறு நோய். இதை மாற்றியில் இட்டால் மேலும் கெடும். இங்கே கோப்பு ஒருங்குறியில்தான் இருக்கிறது. ஒருங்குறியைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக, அதாவது மூன்று சேமிப்பு அலகுகளாக, வைக்கப்படுகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் இருப்பதால் அது பதினைந்து பைட்டு. அதைத் திறந்த மென்பொருள் மேற்கத்திய ஐரோப்பியக் குறியேற்றம் என்று தவறாக எண்ணி, ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது. தமிழ்க் குறிகள் அனைத்துக்கும் முதல் பைட்டு ஒன்றே என்பதால்தான் சாய்கோடு இட்ட அந்த ஏ ஓயாமல் வருகிறது.

இந்நிலையில் கோப்பைச் சேமிக்காமல் மூடுங்கள். மீண்டும் திறக்கும்போது குறியேற்றத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள்; வேர்டு எளிய உரைக் கோப்பைத் திறக்கும்போது ஐயம் இருந்தால் தானே இதைக் கேட்கும். நீங்களே உருவாக்கிய வலைப்பக்கமாக இருந்தால், பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்விக்குறிகள் மட்டும் தெரிகின்றன. அல்லது கட்டங்கள் மட்டும் தெரிகின்றன

இவ்விரண்டும் ஒன்றல்ல. கட்டங்கள் தெரிந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, அதைக் காட்டத் தமிழ் எழுத்துரு அந்தக் கருவியில் இல்லை என்று பொருள். விண்டோஸில் லதா அல்லது நிர்மலா, மற்ற இடங்களில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவை இட்டால் போதும்.

கேள்விக்குறிகள் தெரிந்தால் நிலைமை மோசமானது. தமிழை ஏற்காத குறியேற்றம் ஒன்றில் கோப்பு சேமிக்கப்பட்டு, ஒவ்வோர் எழுத்தும் உண்மையாகவே கேள்விக்குறியாக மாற்றி எழுதப்பட்டுவிட்டது. அதிலிருந்து கதையை மீட்க எந்த மென்பொருளாலும் முடியாது. 2019க்கு முந்தைய நோட்பேடு இயல்பாக, தமிழை ஏற்காத ஆன்சி என்ற பழைய முறையில்தான் சேமிக்கும். அது எச்சரிக்கை ஒன்றைக் காட்டும், அதைப் படிக்காமல் 'சரி' என்று அழுத்தியவர்கள் இவ்வாறு கதைகளை இழந்திருக்கிறார்கள். மூலக் கோப்பையோ, மின்னஞ்சலில் அனுப்பிய பழைய பிரதியையோ தேடுங்கள்.

கொம்பு தன் எழுத்தை விட்டு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது; புள்ளியிட்ட வட்டம் தோன்றுகிறது

பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த கதைகளில் இது வரும். ஒருங்குறியில் 'கெ' என்பதை முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கவேண்டும்; திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. பிடிஎஃப் அச்சுக்காக உருவான வடிவம் என்பதால், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே உருக்களை வைத்திருக்கும். அதை நகலெடுக்கும்போது கொம்பு முன்வந்து, முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்ட எழுத்து இல்லாதபோது புள்ளியிட்ட வட்டத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. இவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த முயலாதீர்கள். பக்கங்களைப் படமாக எடுத்து, கூகுள் டிரைவில் ஏற்றி, ஆவணமாகத் திறந்தால் அது எழுத்துணரி கொண்டு படித்துத் தரும். அதிலும் ன/ன், ர/ா போன்ற இடங்களில் தவறு வரும் என்றாலும், மெய்ப்புப் பார்க்கும் அளவில் அது முடிந்துவிடும்.

பத்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன; காட்சி இடைவெளி காணாமற்போனது

கதைக்கு மிகப் பெரிய ஊறு செய்யும் பிழை இதுதான் என்பது என் எண்ணம். எழுத்து கெட்டால் வாசகருக்குக் கெட்டது தெரியும். இடைவெளி போனால் கதையே வேறாகிவிடும். பிழை என்றுகூட யாருக்கும் தோன்றாது. நான் மெய்ப்புப் பார்த்த ஒரு கதையில், தாத்தாவைப் பாடையில் கிடத்தியிருக்கும் காட்சி முடிந்து, ஒரு வெற்று வரிக்குப் பிறகு இருபது ஆண்டுக்கு முந்தைய ஒரு காலைப்பொழுது தொடங்கும். ஏற்றியபோது அந்த வெற்று வரி தொலைந்துவிட்டது. 'பெண்கள் அழுதுகொண்டே பந்தலுக்கு வந்தார்கள்' என்ற வரிக்கு அடுத்தே, 'தாத்தா விசிறியைக் கீழே வைத்துவிட்டு வெந்நீர் கேட்டார்' என்று வந்தது. படித்தவர்கள் எழுத்தாளருக்குக் காலக்குழப்பம் என்று எழுதினார்கள். அவரோ மூன்று நாள் மனம் நொந்து இருந்தார்.

வலைப்பக்கங்களின் அடிப்படை மொழியான எச்டிஎம்எல், எத்தனை இடைவெளி தட்டினாலும் எத்தனை முறை என்டர் அழுத்தினாலும் அவற்றை ஒரே இடைவெளியாகச் சுருக்கிவிடும். பத்தி என்பது அங்கே தனிக் குறியீட்டால் உணர்த்தப்படவேண்டும். பதிவேற்றும் கருவிகள் பெரும்பாலும் இதைத் தாமே செய்கின்றன. ஆனால் வெற்றுப் பத்தியை வேண்டாதது என்று நீக்கிவிடுபவையும் உண்டு. ஆகவே காட்சி மாற்றத்தை வெற்று வரியை நம்பி விடாதீர்கள். நடுவில் ஒரு குறியை இடுங்கள். மூன்று நட்சத்திரக் குறிகளை இடைவெளி விட்டு இடுவது நம் பத்திரிகை வழக்கம்தான். கருவி அதைக் கிடைக்கோடாக மாற்றினாலும் காட்சி பிரிந்தே இருக்கும்.

பத்தித் தொடக்கத்தில் இடைவெளி விசையால் விட்ட இடமும் இதே காரணத்தால் மறையும். அதை மீண்டும் கொண்டுவர முயலவேண்டாம். திரையில் பத்திகளுக்கிடையே உள்ள இடைவெளியே போதுமானது.

வேர்டில் என்டர் அழுத்தினால் புதிய பத்தி, ஷிஃப்டோடு என்டர் அழுத்தினால் அதே பத்திக்குள் புதிய வரி. கதைக்குள் தாலாட்டோ ஒப்பாரியோ வந்தால் அதன் வரிகளை ஷிஃப்ட்-என்டரால் பிரியுங்கள். இல்லையென்றால் ஒவ்வோர் அடியும் தனிப் பத்தியாகி, பாட்டு விலகி விலகி நிற்கும். எங்கே எது இருக்கிறது என்று அறிய, முகப்புப் பட்டையில் உள்ள பத்திக் குறிப் பொத்தானை (¶) அழுத்திப் பாருங்கள்.

இதற்கு எதிர்மாறாக, வரிக்கு வரி உடைந்து பாதி வாக்கியத்தில் புதுப் பத்தி தொடங்கினால், கதை பிடிஎஃப்பிலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்திருக்கும். வேர்டில் மூன்று படிகளில் சரிசெய்யலாம். அடுத்தடுத்து வரும் இரண்டு பத்திக் குறிகளை, கதையில் எங்குமே வராத ஒரு குறியாக, எடுத்துக்காட்டாக ## என்று, மாற்றுங்கள். பிறகு எஞ்சிய ஒற்றைப் பத்திக் குறிகளையெல்லாம் ஓர் இடைவெளியாக மாற்றுங்கள். கடைசியாக ## என்பதை மீண்டும் பத்திக் குறியாக்குங்கள். தேடல் பெட்டியில் பத்திக் குறியை, ^ என்ற குறியும் அதையடுத்து ஆங்கிலச் சிறிய பி எழுத்தும் இட்டுக் குறிப்பிடவேண்டும். மூலத்தில் பத்திகளுக்கிடையே வெற்று வரி இல்லாவிட்டால் இந்த வழி முழுக் கதையையும் ஒரே பத்தியாக்கிவிடும்; முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரையாடல் வரிகள் புள்ளிப் பட்டியலாக மாறிவிட்டன. நட்சத்திரங்கள் சிதறிக் கிடக்கின்றன

மார்க்டவுன் என்ற குறிமுறையை ஏற்கும் தளங்களில் வரித் தொடக்கத்துச் சிறுகோடு பட்டியலாகவும், எண்ணும் புள்ளியும் வரிசைப் பட்டியலாகவும், நான்கு இடைவெளிகள் நிரல் துண்டாகவும் கொள்ளப்படும். உரையாடலைச் சிறுகோட்டால் தொடங்குபவர்கள் அதற்கு மாற்றாக மேற்கோள் குறியையோ நீண்ட கோட்டையோ பயன்படுத்தலாம். அத்தியாய எண்ணை வெறும் '2.' என்று இடாமல் 'இரண்டு' என்று எழுத்தால் எழுதினால் சிக்கலே எழாது. வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்த கதையில் சொல்லின் இருபுறமும் நட்சத்திரமோ அடிக்கோடோ ஒட்டியிருந்தால் அவை அங்கே தடித்த, சாய்ந்த எழுத்துக்கான குறிகள், தேடி நீக்கிவிடுங்கள்.

பத்திக்குப் பத்தி எழுத்தின் அளவும் நிறமும் மாறுகின்றன

வேர்டிலிருந்து நேரடியாக ஒட்டும்போது, எழுத்துரு, அளவு, நிறம், வரி இடைவெளி என்று அதன் அலங்காரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளாக உடன் வருகிறது. இரவு நிறத்தில் படிப்பவருக்குக் கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்தாகக் கதை மறைந்துபோவதும் இதனால்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி எளிய உரையாக ஒட்டுங்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்து ஒட்டுங்கள். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதென்றால், முழுவதையும் தெரிவுசெய்து 'வடிவமைப்பை நீக்கு' என்ற பொத்தானை அழுத்துங்கள். இதனால் தடித்த எழுத்துகளும் போய்விடும் என்பதால் அவை இருந்த இடங்களை முன்பே குறித்துக்கொள்ளவேண்டும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வெழுத்து தனியே வரையப்படுவதில்லை, நேரெழுத்தையே இயந்திரம் சாய்த்துக் காட்டுகிறது. எனவே கடிதம், கனவு முதலிய பகுதிகளைச் சாய்வெழுத்தில் இடுவதைவிட உள்ளே தள்ளி அமைப்பதே படிக்க நன்றாக இருக்கும்.

வரி திரையைத் தாண்டி ஓடுகிறது. சொற்களுக்கிடையே பள்ளம் விழுகிறது

வரி முறிய இடைவெளி வேண்டும். 'வந்தான்....பார்த்தான்....ஒன்றும் பேசாமல்....போனான்' என்று இடைவெளியே இல்லாமல் புள்ளிகளால் கோத்தால், கணினிக்கு அது ஒரே நீண்ட சொல். மூன்று புள்ளிகளோடு நிறுத்தி, அதையடுத்து ஓர் இடைவெளி விடுங்கள். அவ்வாறு எதுவும் இல்லாமலே வரி ஓடினால், சொற்களுக்கிடையே இருப்பது முறியா இடைவெளியாக இருக்கும். வேறு பக்கங்களிலிருந்து நகலெடுக்கும்போது அது வந்துவிடுகிறது. அதில் ஒன்றை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டி, சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள்.

பள்ளம் விழுவதற்குக் காரணம், வரியின் இரு ஓரங்களையும் நேராக்கும் இருபுற ஒழுங்கு. தமிழ்ச் சொற்கள் நீண்டவை; கைப்பேசியின் குறுகிய வரியில் மூன்று சொற்களே கொள்ளும்போது மீதி இடமெல்லாம் அவற்றின் நடுவே பிரிந்துவிடுகிறது. இடப்புற ஒழுங்கே கைப்பேசிக்கு ஏற்றது.

கதை சரியாகத் தெரிகிறது; ஆனால் தேடினால் கிடைக்கவில்லை

கதையில் 'கோவில்' என்று இருப்பதைக் கண்ணால் பார்க்கிறீர்கள்; தேடினால் இல்லை என்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடுபொறிகள் சில இரண்டையும் ஒன்றாகக் கொள்கின்றன, சில கொள்வதில்லை. தேடல் பெட்டியில் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டித் தேடி, அகப்பட்டவற்றை ஒற்றைக் குறியாக மாற்றிவிடுங்கள். துணைக்காலுக்குப் பதிலாக 'ர' என்ற எழுத்து அடிக்கப்பட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் தென்படும்.

இன்னொரு காரணம், தட்டச்சுக் கருவி சில வேளை இட்டுவிடும் இணைப்புத் தடைக்குறி. அகலமே இல்லாத அந்தக் குறி சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். அம்பு விசையால் ஒவ்வோர் எழுத்தாக நகரும்போது, சுட்டி ஓரிடத்தில் அசையாமல் ஒரு தட்டு நின்றால் அது அங்கே இருக்கிறது. வேர்டில் ^ என்ற குறியையும் ஆங்கிலச் சிறிய யு எழுத்தையும் அடுத்து 8204 என்ற எண்ணையும் சேர்த்துத் தேடி, மாற்றுப் பெட்டியை வெறுமையாக விட்டால் நீங்கிவிடும். 'க்ஷ' கூட்டெழுத்தாகிவிடாமல் 'க்', 'ஷ' எனப் பிரித்துக் காட்ட வேண்டிய பெயர்களில் மட்டும் அந்தக் குறி வேண்டுமென்றே இடப்பட்டிருக்கலாம். அத்தகைய இடங்களை முதலில் பார்த்து விலக்கிவிட்டு, பிறகு மற்றவற்றை நீக்குங்கள்.